ஒரு டாலர் கையெழுத்து

நடனக்காரர்களைப் பற்றிய நாடகத்தை இசைத்தட்டில் கேட்பது கொஞ்சம் விசித்திரமான காரியம். பார்க்க வேண்டியதையெல்லாம் எடுத்துவிட்டு மிச்சத்தை மட்டும் கேட்கிறோம். 'எ கோரஸ் லைன்' என்ற பிராட்வே இசை நாடகத்தின் 1975ஆம் ஆண்டு ஒலிப்பதிவு அப்படிப்பட்டது. தொடக்கத்தில் ஒருவன் தாளம் எண்ணுகிறான், அடவுகளைச் சொல்கிறான், "இன்னொரு தடவை" என்று அதட்டுகிறான். பியானோ ஓடுகிறது. எத்தனை பேர் ஆடுகிறார்கள், யார் தடுமாறுகிறார்கள், யாருக்கு வியர்க்கிறது, எதுவும் தெரியாது. பிறகு அந்த ஆட்கள் உள்ளுக்குள் நினைப்பது பாட்டாக வருகிறது: இந்த வேலை எனக்கு வேண்டும், இது கிடைக்காவிட்டால் என்ன செய்வேன் என்று. ஆட்டம் கேட்காது, பதற்றம் கேட்கும்.

கதை மிகச் சிறியது. ஒரு புதிய நாடகத்துக்குக் குழு நடனக்காரர்கள் தேவை. நம் சினிமா பாஷையில் சொன்னால் குரூப் டான்ஸர்கள். மேடையில் ஒரு வெள்ளைக்கோடு. அதன்மேல் 17 பேர் நிற்கிறார்கள். எட்டுப் பேருக்குத்தான் இடம்: நாலு ஆண், நாலு பெண். இயக்குநர் ஸாக் அரங்கத்தின் இருட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு மைக்கில் பேசுகிறான். ஆடியது போதும், இனி உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்கிறான். எங்கே பிறந்தீர்கள், ஏன் ஆட வந்தீர்கள்? ஒவ்வொருவராகச் சொல்கிறார்கள். அந்தச் சொல்லல்தான் நாடகம். கடைசியில் மற்றவர்களுக்கு இடம் இல்லை.

மைக்கேல் பென்னட் உருவாக்கி இயக்கினார். பாப் ஏவியனுடன் சேர்ந்து நடனமும் அமைத்தார். இசை மார்வின் ஹாம்லிஷ், பாடல்கள் எட்வர்ட் க்ளெபன், வசனம் ஜேம்ஸ் கிர்க்வுட், நிக்கலஸ் டான்ட்டே. 1975இல் நியூயார்க்கின் பப்ளிக் தியேட்டரில் 299 இருக்கைகள் கொண்ட ஒரு சின்ன அரங்கில் தொடங்கி, சில மாதங்களில் ஷூபர்ட் அரங்குக்குப் போனது. அங்கே 1990 ஏப்ரல் வரை 6,137 காட்சிகள். ஒன்பது டோனி விருதுகள், நாடகத்துக்கான புலிட்சர். இசைத்தட்டை கொலம்பியா நிறுவனத்துக்காகத் தயாரித்தவர் காடர்ட் லீபர்சன். 'மை ஃபேர் லேடி', 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' ஒலிப்பதிவுகளையும் தயாரித்த அதே மனிதர். இந்த விவரங்களோடு நிறுத்திக்கொண்டால் இது ஒரு வெற்றிக்கதை. எனக்கு உறுத்துவது அதற்கு முந்தைய ஓர் இரவு.

1974 ஜனவரி 26, சனிக்கிழமை. நடு இரவு. நியூயார்க்கில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் இருபது பேர் அளவில் நடனக்காரர்கள் கூடினார்கள். கூட்டியவர்கள் மிஷான் பீக்காக், டோனி ஸ்டீவன்ஸ் என்ற இரு நடனக்காரர்கள். அதற்குச் சற்று முன் இருவரும் வேலை பார்த்த ஒரு நாடகம் முறையான திறப்புவிழாவைக்கூடக் காணாமல் மூடப்பட்டிருந்தது. யாரோ எடுக்கிற தப்பான முடிவுகளுக்கு நம் முழங்கால்கள் ஏன் தேய வேண்டும் என்ற அலுப்பு. நடனக்காரர்களே நடத்தும் ஒரு குழுவைத் தொடங்கினால் என்ன என்ற யோசனை. அதைப் பேசத்தான் பென்னட்டை அழைத்தார்கள். அவரும் ஒரு காலத்தில் பிராட்வேயில் பின்வரிசையில் ஆடியவர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு ஆட வந்தவர். நம்மில் ஒருத்தன், மேலே போயிட்டான், அவ்வளவுதான்.

முதலில் எல்லோரும் ஆடினார்கள். பிறகு தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். மலிவான ஒயின், சாப்பிட ஏதோ கொஞ்சம், நடுவில் சுழல்கிற ஒலிநாடா. உன் பேர் என்ன, மேடைப் பேர் என்ன, எங்கே பிறந்தாய், ஏன் ஆட வந்தாய்? கேள்விகள் இவ்வளவுதான். மறுநாள் நண்பகல்வரை, ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் பேசியிருக்கிறார்கள். குடிகார அப்பா, சண்டை போடும் வீடு, தன் உடம்பின்மேல் வெறுப்பு, தான் ஆண்களை விரும்புகிறவன் என்று தெரிந்த நாள். சில வாரங்கள் கழித்து இன்னொரு அமர்வு. அந்த நாடாக்களில் இருந்துதான் 'எ கோரஸ் லைன்' வந்தது.

பேசியவர்கள் பிறகு ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்கள். தங்கள் பேச்சைப் பயன்படுத்த அனுமதி தரும் தாள். அதற்கு அவர்கள் பெற்ற தொகை ஆளுக்கு ஒரு டாலர்.

ஒரு டாலர் என்று கேட்டவுடன் நமக்குக் கோபம் வருகிறது. ஆனால் அந்த ஒரு டாலர் விலையே இல்லை. அமெரிக்கச் சட்டத்தில் ஒப்பந்தம் செல்ல வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் ஏதாவது கைமாற வேண்டும், அதற்காகப் போடுகிற சடங்குத்தொகை. நம் ஊரில் மொய்யில் வைக்கிற ஒரு ரூபாய் மாதிரி என்று எழுத நினைத்தேன். அந்த ஒரு ரூபாய் உறவு தொடரட்டும் என்று வைக்கிறோம். இந்த ஒரு டாலர் கணக்கை முடிப்பதற்கு. அதனால் அந்த உவமை வேண்டாம்.

கையெழுத்துப் போட்டவர்களுக்கு எதிரான வாதம் வலுவானது. அதை வலுவாகவே வைக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரப் புலம்பல் நாடகமாகிவிடாது. யாரைப் பேசவைப்பது, யாரைப் பாடவைப்பது, எங்கே மௌனம், எந்தச் சுருதியில் வலி என்பதையெல்லாம் வேறு ஆட்கள் ஒன்றரை வருடம் உட்கார்ந்து கண்டுபிடித்தார்கள். 'அட் தி பாலே' என்ற பாட்டில் மூன்று பெண்கள் தங்கள் வீட்டுத் துயரத்தை அடுத்தடுத்துப் பாடி, கடைசியில் ஒரே சுருதியில் சேர்கிறார்கள். கேட்டுப் பாருங்கள். அந்தச் சேர்க்கை எந்த நாடாவிலும் இருந்திருக்க முடியாது. காப்புரிமைச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது: நடந்த சங்கதி யாருக்கும் சொந்தமில்லை, அதைச் சொன்ன விதம்தான் சொத்து. பதினேழாம் நூற்றாண்டில் ஜான் லாக் இதற்கு ஒரு தத்துவ அடித்தளமே போட்டுக் கொடுத்தார். பொதுவில் கிடப்பதோடு உன் உழைப்பைக் கலந்தால் அது உன்னுடையதாகிறது என்று. காட்டில் விழுந்து கிடக்கும் பழத்தைக் குனிந்து பொறுக்கியவனுக்கே பழம்.

லாக்கின் பழம் யாருடைய உடம்பிலிருந்தும் விழவில்லை என்பதுதான் இங்கே தகராறு. அப்பா தன்னைக் கைவிட்டதை ஒரு பெண் நடு இரவில் முதல்முறையாக வாய்விட்டுச் சொல்கிறாள் என்றால், அது காட்டில் கிடந்த பொருளா? அதைச் சொல்வதற்கு எத்தனை வருடம் பிடித்திருக்கும்? ஞாபகத்தைச் சொல்லாக்குவதும் உழைப்புதான். முக்கால்வாசி எழுத்தாளர்களுக்கு அந்த உழைப்பு மட்டும்தான் தொழில். "கதையைத்தானே கொடுத்தே, எழுதினது நாங்கதானே" என்று சொல்கிறவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

நிக்கலஸ் டான்ட்டேயின் விஷயம் இந்த இடத்தில் முக்கியமாகிறது. அவரும் அன்றிரவு வட்டத்தில் உட்கார்ந்திருந்த நடனக்காரர்தான். இளம் வயதில் பெண் வேடமிட்டு ஆடும் ஒரு குழுவில் வேலை பார்த்ததையும், பெற்றோர் அதைப் பார்த்துவிட்டதையும், எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்த அந்தக் கணத்தில் அப்பா தன்னை மகன் என்று குறிப்பிட்டதையும் சொன்னார். நாடகத்தில் அது பால் என்ற பாத்திரத்தின் பேச்சாக வருகிறது. நாடகத்தின் மையமே அதுதான் என்று சொல்பவர்கள் உண்டு, எனக்கும் அப்படித்தான். பென்னட் டான்ட்டேயை எழுத்தாளராகச் சேர்த்துக்கொண்டார். அதனால் அவர் பெயர் புலிட்சரில் இருக்கிறது. அதே இரவில் அதே வட்டத்தில் அதே மாதிரி கதை சொன்ன மற்றவர்கள் மூலப்பொருள், இவர் ஆசிரியர். இந்தக் கோட்டை யார் கிழித்தது, எந்த அளவுகோலில்? அவர் பிறகு உட்கார்ந்து எழுதினார் என்பது உண்மை. ஆனால் மற்றவர்கள் சும்மா இருந்தார்களா? பலர் ஒத்திகைப் பட்டறையில் வாரம் 100 டாலருக்கு மாதக்கணக்காக ஆடிப் பாடி, சொன்னதைத் திரும்பச் சொல்லி, திருத்தி, பாத்திரங்களைச் செய்துகொடுத்தார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை. நிகழ்ச்சியின் மையமான அந்தப் பேச்சு இசைத்தட்டில் கிடையாது. அது பேச்சு, பாட்டு அல்ல. ஒலிப்பதிவுக்குப் பாட்டுதான் வேண்டும். நடனக்காரர்களில் ஆசிரியர் ஆன ஒருவருடைய கதை தட்டில் இல்லை. ஆசிரியர் ஆகாதவர்களுடைய கதைகள் வீடு வீடாகப் போயின.

இனி யார் யாருடைய கதையைப் பாடுகிறார்கள் என்று பார்த்தால் தலை சுற்றும். தங்கள் சொந்த வாழ்க்கையிலிருந்து எடுத்த பாத்திரத்தை நடிக்க அவர்களே தேர்வுக்கு வந்து நிற்க வேண்டியிருந்தது. 'நீ நீயாக நடிக்கப் பொருத்தமானவளா, பார்க்கலாம்.' சிலருக்குக் கிடைத்தது. பிரிஸில்லா லோப்பஸ் தன் பள்ளி நடிப்பு வகுப்பில் பட்ட அவமானத்தை 'நத்திங்' என்ற பாட்டில் தானே பாடுகிறார். சிலருக்குக் கிடைக்கவில்லை. உடம்பை அறுவைச் சிகிச்சையால் திருத்திக்கொண்ட பிறகுதான் வேலை கிடைத்தது என்று சிரிக்கச் சிரிக்கப் பாடும் வால் பாத்திரம் மிட்ஸி ஹாமில்டனின் கதையிலிருந்து வந்தது. தட்டில் அதைப் பாடுபவர் பமேலா பிளேர். மிட்ஸி பிற்பாடு அந்த வேடத்துக்கு வந்தார், ஆனால் தட்டு அதற்குள் சுழல ஆரம்பித்துவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் டோனா மெக்கெக்னி. அப்பா வீட்டில் இருந்தும் இல்லாதவராக இருந்தபோது, அறைக்குள் கற்பனை மனிதர் ஒருவருடன் கைகோத்து ஆடிய சிறுமி அவர். அது 'அட் தி பாலே'வில் மேகி என்ற பாத்திரத்தின் பகுதியாக ஆனது. பாடுவது கே கோல். டோனா அதே தட்டில் கேஸியாக இருக்கிறார்; தனி நட்சத்திரமாகும் வாய்ப்பு நழுவிப்போய், மறுபடி வரிசையில் நிற்கவாவது இடம் கொடு என்று கேட்டு வந்தவள். ஆக, ஒருத்தியின் ஞாபகத்தை இன்னொருத்தி பாட, அந்த ஒருத்தி வேறு பாத்திரத்தில் நிற்கிறாள். கே கோலின் குரல் அந்தப் பாட்டின் உச்சியில் ஏறும்போது அது யாருடைய துயரம் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. கடன் வாங்கிய ஞாபகம் என்று அந்தக் குரலில் எங்கும் தெரியவில்லை. அவரிடமும் ஏதோ இருந்திருக்க வேண்டும்.

கையெழுத்தே போடாதவர்களும் இருக்கிறார்கள். அந்த அப்பாக்கள், அம்மாக்கள், நடிப்பு வகுப்பு வாத்தியார். அவர்களிடம் ஒரு டாலர்கூட யாரும் நீட்டவில்லை. மகள் தன் கதையைச் சொல்லும்போது அம்மாவின் திருமணமும் கூடவே போய்விடுகிறது. 'நத்திங்' பாட்டின் முடிவில் அந்த வாத்தியார் செத்துப்போகிறார், அதைக் கேட்டும் தனக்கு எதுவும் தோன்றவில்லை என்கிறாள் மாணவி. அற்புதமான பாட்டு. வாத்தியார் தரப்பு ஒன்று இருந்திருக்குமே என்று மூன்றாவது நான்காவது முறை கேட்கும்போது தோன்றும். 'என் கதை' என்று நாம் சொல்வதில் நம்முடையது எவ்வளவு என்பதே தனிக் கேள்வி. சொன்னவரிடமிருந்து எடுத்தவர் திருடன் என்றால், சொன்னவரும் யாரிடமிருந்தோ எடுத்திருக்கிறார். இந்தக் கட்டுரையில் இதை நான் முழுதாகத் தீர்க்கப் போவதில்லை. ஆனால் நடனக்காரர்கள் ஏமாற்றப்பட்ட அப்பாவிகள், பென்னட் வில்லன் என்ற எளிய கணக்கை இது கலைத்துவிடுகிறது.

பென்னட்டைத் திருடன் என்று சொல்ல எனக்கும் மனசில்லை. அவர் ஒளித்து எதையும் பதிவு செய்யவில்லை. நாடா எல்லோர் கண்ணெதிரில் சுழன்றது. பிறகு தன் பங்கிலிருந்து ஒரு பகுதியை அந்த நடனக்காரர்களுக்குப் பிரித்துத் தர ஏற்பாடு செய்தார். யார் நாடா அமர்வில் இருந்தார்கள், யார் பட்டறையில் இருந்தார்கள் என்று பார்த்து வகை பிரித்த ஏற்பாடு. சட்டப்படி செய்ய வேண்டியதில்லை, செய்தார். பிராட்வேயில் அன்றைக்கு அது வழக்கமும் இல்லை. சம்பாதித்த பணத்தில் நியூயார்க்கில் ஒரு கட்டிடத்தை வாங்கி நடன, நாடகக் குழுக்களுக்கு ஒத்திகை இடமாக்கினார்.

அப்படியென்றால் உறுத்தல் எங்கே? தொகையில் இல்லை என்று நினைக்கிறேன். ஒரு டாலருக்குப் பதில் ஆயிரம் டாலர் என்றிருந்தாலும் உறுத்தும்.

அன்றிரவு தரையில் உட்கார்ந்து பேசியபோது அவர்கள் யாரிடம் பேசினார்கள்? தங்களைப் போன்ற ஒரு நடனக்காரரிடம். தங்களுக்கென்று ஒரு குழு வரப்போகிறது என்ற நம்பிக்கையில். பக்கத்தில் இருந்தவரும் சொல்கிறார், நானும் சொல்கிறேன் என்ற சமத்துவத்தில். சில மாதம் கழித்து அதே மனிதர் வேலை கொடுக்கிறவர். அதே பேச்சு அவருடைய கோப்பில். அதே ஆட்கள் அவர்முன் தேர்வுக்கு நிற்கிறார்கள். தாளில் இருக்கும் கையெழுத்து மாறவில்லை. அதைச் சுற்றியிருந்த உறவு மாறிவிட்டது. சம்மதம் என்பதை நாம் ஒரு பொருளைப் போல நினைக்கிறோம், கொடுத்தால் போய்விடுகிற பொருள். ஆனால் நாம் சம்மதிப்பது எப்போதும் ஒரு ஆளுக்கு, ஒரு சூழலில். நண்பனிடம் சொன்ன ரகசியத்தை அவனே மேனேஜர் ஆனபிறகு அப்ரைசல் அறையில் வைத்து நினைவுபடுத்தினால் எப்படி இருக்கும்? அவன் பொய் சொல்லவில்லை, நீங்கள் சொன்னதைத்தான் சொல்கிறான். இருந்தும் ஏதோ ஒன்று மீறப்பட்டிருக்கிறது. அந்த ஏதோ ஒன்றுக்குத் தாளில் பத்தி கிடையாது.

நான் மென்பொருள் வேலையில் சேர்ந்த முதல் நாள், ஒரு கட்டுத் தாளில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒன்று, வேலைக்காலத்தில் என் மூளையில் உதிப்பதெல்லாம் நிறுவனத்துக்கே என்பது. வரிசையில் எனக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றார்கள், படிக்க நேரமில்லை. படித்திருந்தாலும் போட்டிருப்பேன். எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. நான் எழுதிய நிரலில் என் அம்மா இல்லை, என் பள்ளிக்கூடம் இல்லை. வேலையாளிடம் உழைப்பைக் கேட்பதற்கும் வாழ்க்கையைக் கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு. இப்போது நேர்முகத் தேர்வுகளில் அந்தக் கோடு அழிந்துகொண்டு வருகிறது. "உங்க வாழ்க்கையில தோல்வியைச் சந்திச்ச ஒரு தருணத்தைச் சொல்லுங்க" என்கிறார்கள். எதிரில் இருப்பவர் மடிக்கணினியில் குறித்துக்கொள்கிறார். ஸாக்கின் இருட்டு இப்போது வீடியோ அழைப்பில் கேமராவை அணைத்து வைத்திருக்கும் ஒரு கறுப்புச் சதுரம்.

நாடகத்தின் நேர்மை என்னவென்றால், தன் பிறப்பில் இருந்த இந்தக் குற்றத்தை அது தனக்குள்ளேயே காட்டுகிறது. ஸாக் நல்லவனா கெட்டவனா என்று தீர்ப்பு இல்லை. ஆனால் வேலை வேண்டி நிற்பவர்களை இருட்டிலிருந்து ஒருவன் கிண்டிக் கேட்பது எவ்வளவு அசிங்கமானது என்பது தெளிவாகத் தெரிகிறது. பதில் சொல்ல மறுப்பவர்களும், விளையாட்டாகத் தப்பிப்பவர்களும் வரிசையில் இருக்கிறார்கள். தன்னைப் பற்றிப் பேசச் சொன்னதும் உதறலெடுக்கும் பாலை அவன் விடாமல் பேசவைக்கிறான். பால் உடைந்த பிறகு கொஞ்ச நேரத்திலேயே ஆடும்போது கீழே விழுந்து முழங்கால் போய்விடுகிறது. எல்லாவற்றையும் கொட்டியவனுக்கு வேலை இல்லை.

அந்த விழுதலுக்கும் ஒரு கதை உண்டு, உடனிருந்த நடிகர்கள் பலமுறை சொன்னது. ஒத்திகையில் ஒருநாள் பென்னட் ஆடிக்கொண்டே சட்டென்று விழுந்து வலியில் துடித்தார். எல்லோரும் பதறினார்கள், ஒருவர் ஓடினார், ஒருவர் அழுதார், ஒருவர் உறைந்துபோய் நின்றார். பிறகு அவர் எழுந்து, இப்போது நீங்கள் ஒவ்வொருவரும் என்ன செய்தீர்களோ அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், காட்சிக்கு அதுதான் வேண்டும் என்றாராம். மேதமை என்று இதைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். காட்சி நன்றாக வந்தது, மறுக்கவில்லை. ஆனால் இவ்வளவு நாள் பேசிப் பகிர்ந்து நெருக்கமான ஆட்களின் பதற்றத்தைக்கூடச் சேகரித்துக்கொள்வதில் ஏதோ குளிர்ச்சி இருக்கிறது. முதல் இரவில் நாடா கண்ணுக்குத் தெரிந்தது. இந்த முறை அவர்களுக்குத் தெரியாமல் பதிவு ஓடியது, அவர் கண்ணில்.

இசைத்தட்டு இந்தக் குற்றத்தை மூடிவிடுகிறது என்பது என் குறை. பாலின் பேச்சும் இல்லை, விழுதலும் இல்லை. விழுந்தவனைத் தூக்கிக்கொண்டு போனபிறகு, இனி ஆட முடியாத நாள் வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஸாக் கேட்க, அதற்கு விடையாகத்தான் 'வாட் ஐ டிட் ஃபார் லவ்' என்ற பாட்டு வருகிறது. உடம்பையே முதலாகப் போட்டவர்கள், அது தீர்ந்துபோனாலும் வருந்தமாட்டோம் என்று சொல்கிற பாட்டு. தட்டில் மட்டும் கேட்பவருக்கு இது எதுவும் தெரியாது. காதலனைப் பிரிகிற பெண்ணின் பாட்டு என்றே எண்ணுவார். அப்படித்தான் அது நாடகத்துக்கு வெளியே ஏகப்பட்ட பாடகர்களின் கச்சேரிகளில் சுற்றியது. முழங்கால் உடைந்தவனைப் பற்றிய பாட்டு கல்யாண விருந்தில் ஒலிக்கத் தோதான பாட்டாகிவிட்டது. நாடாவிலிருந்து நாடகம், நாடகத்திலிருந்து தட்டு, தட்டிலிருந்து வானொலி. ஒவ்வொரு கட்டத்திலும் சொன்னவரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டே வருகிறது.

இந்தக் கழற்றலின் கடைசிப் படி நாடகத்திலேயே இருக்கிறது: 'ஒன்' என்ற இறுதிப் பாட்டு. இரண்டு மணி நேரம் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, ஊர் சொல்லி, காயம் சொல்லி அறிமுகம் செய்துவிட்டு, கடைசியில் எல்லோரையும் ஒரே பொன்னிற உடையில், ஒரே தொப்பியில், கண்ணாடிகளின் முன் நிறுத்தி ஆடவைக்கிறார் பென்னட். யார் யார் என்று பிரித்தறிய முடியாது. பாடுவதோ ஈடிணையற்ற ஒருத்தியைப் பற்றி. அந்த ஒருத்தி மேடையில் இல்லை. நட்சத்திரத்துக்கான வெற்றிடத்தைச் சுற்றிக் குழு ஆடுகிறது. பார்வையாளர்கள் எழுந்து நின்று கைதட்டுவார்கள். கைதட்டுவது எதற்கு? இவ்வளவு நேரம் தெரிந்துகொண்ட மனிதர்கள் காணாமல் போனதற்கா? இசைத்தட்டில் இந்தப் பாட்டு வெறும் உற்சாகம். அதில் ஒரு குரலைத் தேடிப் பிடிக்கப் பலமுறை முயன்றிருக்கிறேன், பிரிஸில்லாவையோ டோனாவையோ. முடிந்ததில்லை.

தொழில் புத்தியில் ஓர் இடைச்செருகல். பிராட்வேயில் விளக்குகளைக் கணினிப் பலகை கொண்டு இயக்கிய முதல் நாடகம் இதுதான். தாரன் மஸ்ஸர் ஒளியமைத்தார். அதற்காக டோனியும் வாங்கினார். அதுவரை ஆட்கள் வரிசையாக நின்று கைப்பிடிகளை ஏற்றி இறக்குவார்கள். ஒவ்வோர் இரவும் கொஞ்சம் வேறுபடும். இப்போது எந்தக் கணத்தில் எந்த விளக்கு எவ்வளவு என்பது இயந்திரத்தின் நினைவில். பேச்சு நாடாவில், வெளிச்சம் கணினியில், பாட்டு தட்டில். எல்லாம் நினைவில் ஏறிவிட்ட பிறகு ஆட்களை மாற்றிக்கொண்டே போகலாம். 6,137 காட்சிகளிலும் அதுதான் நடந்தது. 1983 செப்டம்பரில், பிராட்வேயில் நீண்டநாள் ஓடிய நாடகம் என்ற சாதனையைத் தாண்டிய இரவில், முன்பு ஆடியவர்களையெல்லாம் சேர்த்து 332 பேர் மேடையேறினார்கள். முன்னூற்றுச் சொச்சம் பேர் அந்த 17 பேராக இருந்திருக்கிறார்கள். அதை அவமானம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த வேடத்தால் வாடகை கட்டியவர்கள் அவர்கள்.

பென்னட் 1987இல், 44 வயதில், எய்ட்ஸால் இறந்தார். க்ளெபன் அதே ஆண்டில், கிர்க்வுட் 1989இல், டான்ட்டே 1991இல் போனார்கள். 2006இல் நாடகம் பிராட்வேக்குத் திரும்பி வந்தபோது பழைய தாள் மறுபடி மேலே வந்தது. முதல் நாடகத்துக்காகப் போட்ட பங்கீடு புதிய தயாரிப்புக்குப் பொருந்தாது என்ற நிலை. அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த நடனக்காரர்கள், எங்கள் வாழ்க்கையை வைத்து மறுபடி டிக்கெட் விற்கிறீர்களே என்றார்கள். பத்திரிகைகளில் வந்தது. 2008இல் பென்னட்டின் சொத்தை நிர்வகிப்பவர்களோடு ஓர் உடன்பாடு ஏற்பட்டு, புதிய வருமானத்திலும் அவர்களுக்குப் பங்கு வந்தது. பிற்காலத்தில் 'ஹாமில்டன்' நடிகர்கள் 2016இல் லாபத்தில் பங்கு கேட்டு வாங்கியதற்குப் பின்னாலும் இந்தப் பழைய சண்டையின் நிழல் உண்டு என்று நினைக்கிறேன்: உருவாக்கும் அறையில் இருந்தவனுக்கு என்ன பாத்தியதை என்ற கேள்வி அது.

2006 தயாரிப்புக்கும் ஓர் ஒலிப்பதிவு வந்தது. பழைய தட்டில் சுருக்கப்பட்டிருந்த பகுதிகள் அதில் விரிவாக இருக்கின்றன, ஒலி துல்லியம், குரல்களும் தேர்ச்சியானவை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவர்கள் 'சிங்!' என்ற சின்னப் பாட்டைக் கவனியுங்கள். சுருதி சேராத கிறிஸ்டீன் ஒவ்வொரு வாக்கியத்தையும் தொடங்குகிறாள். அவள் கணவன் அல் கடைசிச் சொல்லைச் சரியான சுருதியில் பாடி முடித்துக் கொடுக்கிறான். 1975 தட்டில் கிறிஸ்டீனாக வரும் ரெனே பாஹ்மனுக்கு உண்மையிலேயே பாட வராது. அது அவருடைய சொந்தக் கதை. பாட முடியாத ஒரு பெண் பாடகர்கள் நிறைந்த ஒரு தட்டில் பாட முடியாமல் நிரந்தரமாகப் பதிவாகியிருக்கிறார். 2006இல் அந்த வேடத்துக்கு வந்தவருக்கு வேலை வேறு: ரெனே தவறவிடும் இடங்களையெல்லாம், ஒவ்வோர் இரவும், பிசகாமல் தவறவிட வேண்டும்.